‘நியோகான்’ என்று யாரைச் சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது? வாசிப்பு வட்டக் குறிப்புக்கு உதவி தேவை

தல்லாகுளம் வாசகர்:

எல்லோருக்கும் வணக்கம். நத்தம் ரோடு நூலகத்துப் பக்கம் கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதத் தலைப்பு 2003 ஈராக் போர். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஏ4 தாளில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. அமெரிக்க அரசியலில் அடிபடும் ‘நியோகான்’ (நியோகன்சர்வேடிவ் என்பதன் சுருக்கம்) என்ற சொல் வரும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மூன்று பேர் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒருவர்: “நியோகான் என்றால் தீவிர வலதுசாரி.”
இன்னொருவர்: “புஷ், செனி, ரம்ஸ்ஃபெல்ட், டிரம்ப் எல்லாருமே நியோகான்கள்தான்.”
மூன்றாமவர்: “தனியார்மயத்தையும் உலகமயத்தையும் கொண்டுவந்தவர்கள் நியோகான்கள்.”

மூன்றிலும் ஏதோ இடிக்கிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. ஒரு ஆளை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று பார்க்க அளவுகோல் ஏதாவது உண்டா? தமிழில் என்ன எழுதுவது? நம்ம ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி இங்கிருந்தே ஒரு உதாரணம் கிடைக்குமா? பத்து வரிக்குள் அடங்க வேண்டும்.

நாகமலை:

மூன்றாவது வரியை முதலில் அடித்துவிடுங்கள். அவர் சொல்வது நியோலிபரல், அதாவது நவதாராளவாதம். ஹாயெக், மில்டன் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் வழியில் வருவது அது: சந்தைக்கு வழிவிடு, அரசு ஒதுங்கிக்கொள். 1991-ல் நம் நாட்டில் நடந்த பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் அடிபடுவதும் அதே சொல்தான். ‘நியோ’ என்று தொடங்குவதால் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பொருளாதாரத்தில் நியோகான்களுக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது. 1930களில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றை அவர்கள் ஏற்றுக்கொண்டவர்கள். அவர்கள் முறுக்கிக்கொண்டது 1960களில் லிண்டன் ஜான்சன் தொடங்கிய சமூக நலத் திட்டங்களில் சிலவற்றோடு. “நோக்கம் சரி, ஆனால் திட்டம் நினைத்த பலனைத் தரவில்லை, வேறு சிக்கலைக் கொண்டுவருகிறது” என்பது அவர்கள் வாதம்.

முதல் வரியில் பிழை ‘தீவிர’ என்ற சொல்லில் இருக்கிறது. காரம், அதிகக் காரம் என்று அளந்து சொல்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரு ஆள் எந்த வழியாக வந்தார் என்பதைச் சொல்லும் பெயர்.

பெயர் வந்த கதை குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. இந்த அர்த்தத்தில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க சோஷலிஸ்ட். 1973-ல் ‘டிஸென்ட்’ என்ற இடதுசாரி இதழில் எழுதிய கட்டுரையில், முன்பு தங்கள் பக்கம் நின்று இப்போது நலத்திட்டங்களைக் குறை சொல்கிறவர்களை அப்படிக் குறிப்பிட்டார். பாராட்டி வைத்த பெயர் இல்லை. யாரைப் பற்றிச் சொன்னார்? டேனியல் பெல், டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், இர்விங் கிறிஸ்டல்.

இந்த மூன்று பேரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள்.

பெல் கடைசிவரை அந்தப் பெயரை ஏற்கவில்லை. பொருளாதாரத்தில் சோஷலிஸ்ட், அரசியலில் லிபரல் (அமெரிக்காவில் இடது பக்கம் சாய்ந்தவர்), பண்பாட்டில் பழமைவாதி என்று தன்னை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டார்.

மொய்னிஹன் நமக்குக் கொஞ்சம் தெரிந்தவர். 1973 முதல் 1975 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். பிறகு 1977 முதல் 2001 வரை டெமாக்ரட் கட்சி செனட்டர். 1996-ல் கிளின்டன் நலத்திட்டங்களை வெட்டியபோது எதிர்த்து நின்றார். இவரைப் பழமைவாதி என்று சொன்னால் ரிபப்ளிகன்களே சிரிப்பார்கள்.

மிஞ்சியவர் கிறிஸ்டல். 1979-ல் “ஆமாம், நான் நியோகான்தான்” என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். நிஜத்திடம் வழிப்பறி கொடுத்த லிபரல்தான் நியோகான் என்ற புகழ்பெற்ற வாசகமும் அவருடையது.

ஆக, முதலில் முத்திரை குத்தப்பட்ட மூன்று பேரில் அதை விரும்பி அணிந்துகொண்டவர் ஒருவர்தான். குறிப்பில் வேறு எதற்கும் இடமில்லாவிட்டாலும் இதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இன்னொன்று. இது வெளிநாட்டுக் கொள்கையில் தொடங்கியதே இல்லை. பெல்லும் கிறிஸ்டலும் 1965-ல் தொடங்கிய ‘த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ இதழ் வீட்டுவசதி, பள்ளிக்கூடம், குற்றம், வறுமை என்று உள்நாட்டு விஷயங்களையே பேசியது. வியட்நாம் போரால் டெமாக்ரட் கட்சி உடைந்து, 1972-ல் போர் எதிர்ப்பாளர் மெக்கவர்ன் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளரான பிறகுதான் பேச்சு சோவியத் பக்கம் திரும்பியது. வாஷிங்டன் மாநில செனட்டர் ஹென்றி ஜாக்சன் அந்தக் கூட்டத்தின் நடுநாயகம். அவரும் டெமாக்ரட்தான். யூதர்கள் உள்ளிட்டோர் வெளியேறுவதற்குத் தடை போடும் சோவியத் போன்ற நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்ற ஜாக்சன்–வேனிக் திருத்தம், 1974 வர்த்தகச் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு அரசு தன் குடிமக்களை எப்படி நடத்துகிறது என்பதை வெளியுறவுக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது என்ற நியோகான் அடையாளம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஈராக்குக்கு வருகிறவர்கள் இந்தக் கண்ணியை விட்டுவிட்டு நேரே 2003-க்குத் தாவினால் ஒன்றும் விளங்காது.

ஆரப்பாளையம் மணி:

நாகமலை சார் வரலாற்றைச் சொல்லிட்டாரு. நான் ஆள் பார்த்து முடிவு பண்றதுக்கு வழி சொல்றேன். ஒரு பேர் வந்தா நாலு கேள்வி கேளுங்க. எங்கிருந்து வந்தாரு, லிபரல் பக்கமிருந்தா, பிறந்ததுலேருந்தே ரிபப்ளிகனா? அமெரிக்கப் படைபலத்தை வெச்சு எதிரி நாட்டு ஆட்சியையே மாத்தலாம், மாத்தணும்னு கொள்கையாவே பேசுறாரா, இல்ல “நம்ம மேல கைவெச்சா அடிப்போம்”ங்கிறதோட நிறுத்திக்கிறாரா? எந்தப் பத்திரிகையில, யாரோட சேர்ந்து எழுதுனாரு? அந்தப் பேரை அவரு ஏத்துக்கிட்டாரா? ஒரே ஒரு கேள்விக்கு ஆமான்னு வந்ததும் முத்திரை குத்தினா தப்பாத்தான் போகும். ரெண்டாவது கேள்விக்கு எடை கூட. பழைய தலைமுறைக்கு முதல் கேள்வி முக்கியம். 1990களுக்கு அப்புறம் வந்த பசங்களுக்கு அது பொருந்தாது, அவங்க பிறந்ததே அந்த வீட்டுலதான். வில்லியம் கிறிஸ்டல் இர்விங்கோட மகன்.

இப்ப உங்க ரெண்டாவது ஆள் கொடுத்த பட்டியலை இதுல போட்டுப் பாருங்க.

செனி, ரம்ஸ்ஃபெல்ட் (புஷ்ஷோட துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர்): 1970கள்ல ஃபோர்டு ஆட்சியிலேயே இருந்த பழைய ரிபப்ளிகன்கள். அமெரிக்காவோட பலம், பாதுகாப்புதான் அவங்க கணக்கு. ஈராக்ல ஜனநாயகம் நட்டு வளர்க்குறதுல ரம்ஸ்ஃபெல்டுக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்ல. கொஞ்சம் படையோட போய்ச் சீக்கிரம் திரும்பணும்னாரு. நியோகான்களோட சேர்ந்து நின்னவங்கன்னு எழுதலாம். நியோகான்னு எழுதினா விவரம் தெரிஞ்சவங்க மறிப்பாங்க.

புஷ்: 2000 தேர்தல் விவாதத்துல “அடுத்தவன் நாட்டைக் கட்டி எழுப்புறது நம்ம படையோட வேலை இல்ல”ங்கிற மாதிரி பேசினவரு. 2005 ஜனவரியில ரெண்டாவது பதவியேற்புல உலகத்துல கொடுங்கோன்மையை ஒழிக்கிறதே இலக்குன்னாரு. நடுவுல 2001 செப்டம்பர் 11. அதனால அவரு அந்தக் கொள்கையை எடுத்துக்கிட்டவரு, அந்த வழியில வந்தவரு இல்ல.

வுல்ஃபோவிட்ஸ்: இவருதான் சரியான ஆள். டெமாக்ரட்டா ஆரம்பிச்சவரு, 2001 முதல் 2005 வரை பாதுகாப்புத் துறையில ரெண்டாம் இடம், ஈராக் ஆட்சியை மாத்தணும்னு போருக்கு முன்னாடியே வாதாடினவரு. ரிச்சர்ட் பேர்லும் அப்படித்தான், ஜாக்சன் ஆபீஸ்ல வேலை பார்த்தவரு.

டிரம்ப்: இவரைச் சேர்த்தா மொத்தக் குறிப்பும் போச்சு. 2016 பிப்ரவரியில தென் கரோலினா விவாத மேடையில, புஷ்ஷோட தம்பியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே ஈராக் போர் மகா தப்புன்னு சொன்னவரு. நியோகான்ல பல பேரு அந்த வருஷம் அவருக்கு எதிரா நின்னாங்க. நியோகான் எழுத்தாளர் ராபர்ட் கேகன் ஹிலாரி பக்கமே போயிட்டாரு.

எல்லாரும் வழுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. 1998 ஜனவரி 26-ல கிளின்டனுக்கு ஒரு கடிதம் போச்சு, சதாமை அகத்தணும்னு. அனுப்புனது வில்லியம் கிறிஸ்டலும் கேகனும் 1997-ல தொடங்குன அமைப்பு. 18 பேர் கையெழுத்து. இணையத்துல அந்தப் பட்டியலை எடுத்து “இதோ 18 நியோகான்”னு போட்டுடறாங்க. அதுல ரம்ஸ்ஃபெல்ட் இருக்காரு, ஜான் போல்டன் இருக்காரு, ரிச்சர்ட் ஆர்மிடேஜ் இருக்காரு. ஆர்மிடேஜ் பின்னாடி காலின் பவலுக்கு அடுத்தபடியா வெளியுறவுத் துறையில உட்கார்ந்தவரு, வுல்ஃபோவிட்ஸ் கோஷ்டியோட ஒத்துப்போகாதவரு. போல்டன் அந்தப் பேரே வேண்டாம்னு சொல்றவரு. சின்னப் பையனா 1964-லயே ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு வேலை பார்த்த பரம்பரைப் பழமைவாதி. ஃபிரான்சிஸ் ஃபுகுயாமாவும் கையெழுத்துப் போட்டவருதான், ஆனா 2006-ல “இனி இவங்களோட நிக்க முடியாது”ன்னு புத்தகமே எழுதிப் பிரிஞ்சாரு. ஒரு கடிதத்துல கையெழுத்து இருந்தா அந்த ஒரு கோரிக்கைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். அந்த வருஷம் அக்டோபர்லயே ஈராக் விடுதலைச் சட்டத்துல கிளின்டன் கையெழுத்துப் போட்டாரே, அவரையும் நியோகான்னு சொல்லிடுவீங்களா?

திருநகர் செல்வி:

மணி சொன்ன இரண்டாவது கேள்வியில் ஒரு திருத்தம். ‘ஜனநாயகத்தைப் பரப்புவது’ என்பதை நியோகானின் நிரந்தர அடையாளமாக எழுத வேண்டாம். 1979 நவம்பரில் ‘கமென்டரி’ இதழில் ஜீன் கிர்க்பேட்ரிக் என்ற அரசியல் பேராசிரியர் எழுதிய கட்டுரை அந்தக் கூட்டத்தின் முக்கிய ஆவணங்களில் ஒன்று. அதைப் பார்த்துத்தான் ரீகன் அவரை ஐ.நா. தூதர் ஆக்கினார் (1981–85). அப்போதும் அவர் டெமாக்ரட்தான். 1985-ல்தான் கட்சி மாறினார். அந்தக் கட்டுரை என்ன சொன்னது? ஈரானில் மன்னர் ஷாவையும் நிகரகுவாவில் சர்வாதிகாரி சொமோசாவையும் அதிபர் கார்ட்டர் கைவிட்டது தவறு என்றது. பழைய பாணி சர்வாதிகாரம் காலப்போக்கில் மாறக்கூடும், கம்யூனிச ஆட்சி அப்படி மாறியதில்லை என்றது. மக்களாட்சிப் பழக்கம் வேரூன்றப் பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகளே ஆகும் என்றும் எழுதினார்.

இதை 2003-க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாக்தாத்தில் சீக்கிரமே மக்களாட்சி என்று பேசியவர்களும் நியோகான்தான், அது நடக்காது என்று 24 வருடம் முன்பே காரணம் எழுதி வைத்தவரும் நியோகான்தான். இரண்டு தலைமுறைக்கும் பொதுவாக மிஞ்சுவது: அமெரிக்க பலம் உலகத்துக்கு நல்லது, எதிரி ஆட்சியின் குணம் முக்கியம், ஐ.நா. மீது அவநம்பிக்கை. எனவே யாரைச் சொன்னாலும் ஆண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘1970களின் நியோகான்’, ‘2000களின் நியோகான்’ என்று எழுதினால் பாதிச் சண்டை வராது.

தமிழில் எழுதுவது பற்றி: முதல் தடவை ‘நவபழமைவாதி’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘நியோகான்’ என்று சொல்லிவிட்டு, பிறகு முழுக்க நியோகான் என்றே போங்கள். ‘நவீன பழமைவாதி’ மட்டும் வேண்டாம். சமீபத்துப் பழமைவாதி, நாகரிகப் பழமைவாதி என்று வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. இந்தச் சொல்லை இன்று அதிகம் வசையாகப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். இடதுசாரிகள் போர்வெறியர் என்ற அர்த்தத்தில் வீசுகிறார்கள். வலதுசாரிகளுக்குள்ளேயே பேட் புக்கேனன் போன்ற ‘பழைய’ பழமைவாதிகள், கட்சிக்குள் புகுந்த வந்தேறிகள் என்ற அர்த்தத்தில் வீசுகிறார்கள். புக்கேனன் 2002-ல் தொடங்கிய ‘த அமெரிக்கன் கன்சர்வேடிவ்’ ஈராக் போரை எதிர்த்த பத்திரிகை என்பதை மறக்க வேண்டாம். போரை எதிர்த்தவர்கள் எல்லாரும் இடதுசாரி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி.

இந்த வசைக்குள் இன்னொன்றும் ஒளிந்து வரும். சிலர் நியோகான் என்று எழுதும்போது மனதில் இருப்பது ‘யூதர்’. கிறிஸ்டல், ‘கமென்டரி’ ஆசிரியராக இருந்த போட்ஹோரெட்ஸ், வுல்ஃபோவிட்ஸ் யூதர்கள் என்பது உண்மை. மொய்னிஹன் கத்தோலிக்கர், ரீகனின் கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் பென்னட் கத்தோலிக்கர், கிர்க்பேட்ரிக்கும் ஜாக்சனும் யூதர்கள் இல்லை. அமெரிக்க யூதர்களில் பெரும்பான்மையோர் டெமாக்ரட் கட்சிக்கே வாக்களித்து வந்தவர்கள். குறிப்பு எழுத இணையத்தில் தேடும்போது ‘ரகசியக் கூட்டம்’, ‘அரசைக் கைப்பற்றிய கும்பல்’ மாதிரி வரிகள் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இதேபோல் “எல்லாரும் முன்னாள் டிராட்ஸ்கியவாதிகள்” (ஸ்டாலினை எதிர்த்த கம்யூனிஸ்ட் பிரிவினர்) என்ற வரியும் பாதி உண்மைதான். கிறிஸ்டல் 1930களில் நியூயார்க் சிட்டி காலேஜில் அப்படி இருந்தார். பெல் அந்தக் கோஷ்டி இல்லை. போட்ஹோரெட்ஸ் பிறந்ததே 1930-ல்.

கீழமாசி வீதி:

நம்ம ஊர் உதாரணம் கேட்டிருந்தீங்க. ரெண்டு தர்றேன், ரெண்டுக்கும் வேற வேற வேலை.

முதலாவது, முத்திரை எப்படிக் கைமாறும்னு காட்ட. 1939 ஜூலை 8-ல வைத்தியநாத ஐயர் தலைமையில கக்கன் உள்ளிட்டவங்க மீனாட்சி கோயிலுக்குள்ள போனாங்க. எதிர்த்தவங்க தங்களைச் சனாதனிகள்னு சொல்லிக்கிட்டாங்க. அதே பேரை 1921-லயே காந்தி தனக்கு வெச்சுக்கிட்டு, “நான் சனாதன இந்து”ன்னு ‘யங் இந்தியா’வில எழுதியிருக்காரு. ஆலயப் பிரவேசம் நடந்த அப்புறம், 1946-ல வந்தப்பதான் அவரு மீனாட்சி கோயிலுக்குள்ளயே போனாரு. ஒரே பேரு, எதிரெதிர் பக்கம். 1939-ல மதுரையில ஒருத்தரைச் சனாதனின்னா என்ன அர்த்தம்னு கேட்டா, கோயில் நுழைவுல எந்தப் பக்கம்னு கேட்டாத்தான் பதில் கிடைக்கும். நியோகானும் அப்படித்தான், எந்த விவகாரத்துல, எந்த வருஷம்னு கேட்காம அர்த்தம் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்ல ‘சங்கி’, ‘உபி’ன்னு குத்துறதை உதாரணமாக் கொண்டுவராதீங்க. கூட்டம் ஈராக்கை விட்டுட்டு அங்கேயே உட்கார்ந்துக்கும்.

ரெண்டாவது, ‘வழி’ன்னு நாகமலை சொன்னதைக் காட்ட. இந்தியாவில நியோகான் மாதிரி வழியில வந்தவரு யாருன்னா பலபேர் பா.ஜ.க. பக்கம் கை காட்டுவாங்க. பொருந்தாது. அங்க மையம் தேசம், பண்பாடு. அடுத்த நாட்டு ஆட்சியை மாத்துறது இல்ல. இடதுசாரியிலேருந்து விலகி வந்த கூட்டமும் இல்ல. ராஜாஜியைச் சொல்லலாமான்னா அதுவும் முழுசாச் சரி வராது. சுதந்திரா கட்சி 1959-ல தொடங்குனது நாக்பூர் காங்கிரஸோட கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்துக்கும் லைசென்ஸ் ராஜ்ஜியத்துக்கும் எதிரா. ஆனா அதே ராஜாஜி 1962-ல வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கன்னு கென்னடிகிட்டயே கேட்டவரு. எந்த நியோகானும் அதைச் செஞ்சிருக்க மாட்டான்.

நெருங்கி வர்றவரு மினு மசானி. 1934-ல காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர். சோவியத்தைப் பார்த்துக் கசந்து, கம்யூனிஸ எதிர்ப்பாளரா மாறி, சுதந்திரா கட்சியில பெரிய தலைவரானாரு. 1951-ல பம்பாயில பண்பாட்டுச் சுதந்திர மாநாடு நடத்துனதுல முக்கியமான ஆளு. அந்த மாநாட்டோட சர்வதேச அமைப்புதான் 1953-ல லண்டன்ல ‘என்கவுன்டர்’ பத்திரிகையைத் தொடங்குச்சு. (தலைப்பைப் பார்த்துட்டு போலீஸ் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க.) அதோட முதல் ஆசிரியர்கள் ரெண்டு பேர்ல ஒருத்தர் யாரு? இர்விங் கிறிஸ்டல். அந்த அமைப்புக்கு சி.ஐ.ஏ. பணம் வந்தது 1967-ல அம்பலமாச்சு. மசானியை நியோகான்னு சொல்ல வேண்டாம், அந்தப் பேரே அப்ப கிடையாது. ‘அதே பாதையில நடந்தவரு’ன்னு சொன்னா யாரும் மறுக்க முடியாது.

தல்லாகுளம் வாசகர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கீழே உள்ளது வரைவு. திருத்துங்கள்.

“நவபழமைவாதி, சுருக்கமாக நியோகான்: 1960, 70களில் அமெரிக்க லிபரல் முகாமிலிருந்து விலகி வந்த அறிவுஜீவிகளுக்கு எதிராளிகள் வைத்த பெயர். 1973-ல் மைக்கேல் ஹாரிங்டன் அப்படி அழைத்த மூவரில் இர்விங் கிறிஸ்டல் மட்டுமே அதை ஏற்றார். முதலில் உள்நாட்டு நலத்திட்டங்களை விமர்சித்தார்கள். பிறகு சோவியத் எதிர்ப்பு முதன்மையானது. 1990களின் இரண்டாம் தலைமுறை, அமெரிக்கப் படைபலத்தால் ஈராக் போன்ற நாடுகளில் ஆட்சியை மாற்றலாம் என வாதிட்டது. 2003 மார்ச் 19-ல் நியோகான் அரசு ஈராக் மீது போர் தொடுத்தது. செனி, ரம்ஸ்ஃபெல்ட் இவர்களோடு சேர்ந்து நின்றாலும் இந்த வழியில் வந்தவர்கள் அல்ல. நவதாராளவாதம் வேறு.”

நாகமலை:

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் மட்டும்.

‘நியோகான் அரசு’ என்பதை எடுத்துவிடுங்கள். அடுத்த வரியிலேயே செனியும் ரம்ஸ்ஃபெல்டும் அந்த வழியில் வந்தவர்கள் இல்லை என்கிறீர்கள். துணை அதிபரும் பாதுகாப்பு அமைச்சரும் இல்லாமல் எந்த அரசு? “அவர்கள் வாதத்தை ஏற்றுக்கொண்ட புஷ் அரசு” என்று போடுங்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் போர் அதிகாரத் தீர்மானம் 2002 அக்டோபரில் நிறைவேறியபோது ஹிலாரி கிளின்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் எல்லோரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். இடம் இருந்தால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

தேதி: வாஷிங்டன் நேரப்படி மார்ச் 19 இரவு, பாக்தாத்தில் 20 விடியற்காலை. போர் நடந்த ஊரின் நேரத்தை வைத்து 20 என்று போடுங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் யாராவது ஒருவர் செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

திருநகர் செல்வி:

‘அறிவுஜீவிகளுக்கு எதிராளிகள் வைத்த பெயர்’ என்பதில் ‘இடதுசாரி எதிராளிகள்’ என்று ஒரு சொல் சேருங்கள். புக்கேனன் பக்கம் பின்னால் வந்ததுதான். 12 புள்ளி எழுத்தில் அச்சடித்தால் அரைப் பக்கம்கூட வராது. மீதி இடத்தில் மணி சொன்ன நாலு கேள்வியைக் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போல்டன் பெயரைப் போட்டு, பதில் எழுதும் இடத்தைக் காலியாக விட்டால், வந்தவர்களே பேனாவை எடுத்துக்கொள்வார்கள்.